ஜானகிக்கு விரால் அனுப்பாத காரணம்

புக்கிட் காத்தில் அருகே, மலாக்கா
9.11.1952

அன்பு மகள் ஜானகிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதிக்கொள்வது. முத்துமாரியம்மன் தயவில் இங்கே எல்லோரும் சுகம், அப்பா மட்டும் நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஈப்போவில் நீயும் பச்சைப் பிள்ளையும் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது. வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்தார்கள், தையல் ஆற விரால் வேண்டும் என்று மாப்பிள்ளை எழுதியிருந்தார். ஈரச் சாக்கில் சுற்றினால் விரால் ரயிலில் உயிரோடு வந்து சேரும், மருதமுத்து மாமாவும் புதன்கிழமை அங்கே வருகிறார், எல்லாம் சரிதான். ஆனால் மீன் வராது. காரணத்தைச் சொல்கிறேன், உன் மாமியாரிடமும் அப்படியே சொல்.

வெள்ளிக்கிழமை என்றும் பாராமல் அப்பா நம் குடியிருப்பைச் சுற்றிய முள்கம்பி வேலிக்கு வெளியே குட்டைக்குத் தூண்டில் போடப் போனார். எமர்ஜென்சி வந்ததிலிருந்து காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று கேட்டில் எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள் அல்லவா, அங்கே காவல் நிற்கும் மலாய்க்காரர் ஹாஷிம், இரைக்கு வைத்திருந்த தவளையைப் பிடுங்கிக்கொண்டாராம். தவளையும் சாப்பாடுதான் லா, காட்டுல இருக்கிறவன் திம்பான் என்றாராம். வெளியே குட்டையைச் சுற்றித் தவளைகள் கத்திக்கொண்டிருந்தன, அப்பா அதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டார். மாலையில் முழங்கை நீள விராலோடு வந்து, குஞ்சு காக்கிற விரால் புள்ள, தவளை விழுந்ததும் பாஞ்சுச்சு, தண்ணி மேல குஞ்சுக் கூட்டம் செவப்பா கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு என்று பெருமையாகச் சொன்னார். விராலில் தாயும் தகப்பனும் குஞ்சுக்குக் காவல் நிற்கும், காவல் போனால் மற்ற மீன்கள் குஞ்சைத் தின்று தீர்த்துவிடும். இப்படிப் பிடித்துப் பிடித்துத்தான் மேல்குட்டையில் விராலே இல்லாமல் போனது. பிள்ளைக்காரிக்கு இன்னொரு பிள்ளைக்காரியைக் குழம்பு வைத்துக் கொடுக்க மாட்டேன் என்று மீனைத் தவலையில் விட்டு மூடினேன்.

மறுநாள் காலை தவலையோடு கேட்டுக்குப் போனால் ஹாஷிம் மறித்தார். மீன் உள்ளே வரலாம், வெளியே போகக் கூடாது, மீன் சாப்பாடு. பின்னாலேயே வந்த அப்பாவுக்கு முகம் மலர்ந்தது. குஞ்சோட இருந்த மீனு தம்பி, யாருக்கும் திங்கக் குடுக்கல, அது வீட்டுக்குத்தான் அனுப்புறேன் என்றேன். ஹாஷிமும் கம்பத்துக் கிராமத்தில் வளர்ந்தவர், விரால் தெரிந்தவர், என்னை அத்தை முறை வைத்து மக்சிக் என்றுதான் கூப்பிடுவார். ஆள் சாப்பாடு தூக்கிட்டுப் போகக் கூடாதுன்னுதான் உத்தரவு மக்சிக், சாப்பாடு தானா போனா உத்தரவு ஒன்னும் இல்ல என்றார். வேலிக்கு அடியே குட்டைக்கு ஓடும் கால்வாய் மழையில் நிறைந்திருந்தது, அதில் விட்டேன். விரால் நெளிந்து முள்கம்பிக்கு அடியில் போனது, ஹாஷிம் விறைப்பாக வேறு பக்கம் பார்த்து நின்றார். இன்று காலை அப்பா குட்டைக்குப் போய்ப் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லவில்லை, ஹாஷிமிடம் சொல்லியிருக்கிறார். குஞ்சு பாதிதான் இருக்கிறதாம், அடியில் பெரிசு நிற்கிறதாம்.

குஞ்சு கறுத்துப் பிரியும்வரை அங்கே தூண்டில் போடுவதில்லை என்று கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னேன், அதையும் பேசாமலே செய்தார். மாமா கையில் பூண்டும் பிரசவ மருந்தும் அனுப்புகிறேன், நல்லெண்ணெயில் கிண்டிச் சாப்பிடு. பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே, கனம் தூக்காதே, பிள்ளையைத் தனியே விட்டு நகராதே. குஞ்சு பிரிந்த பிறகு உனக்கு ஒரு விரால் வரும். அதற்குள் தையல் ஆறியிருக்கும். ஆறியிருந்தால் மாமியாருக்குக் குழம்பு வைத்துக் கொடு. அம்மன் உங்கள் மூவரையும் காப்பாள்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுப்பம்மா