ஸ்ரெல்லாவின் கால்கள்

18.01.1993, திங்கள்
இரண்டு சட்டை தைத்து முடித்தேன். ஸ்ரெல்லாவுக்கு இன்று எட்டு மாதம். பாயில் கிடத்தினது கிடத்தினபடியே கிடக்கிறாள். பக்கத்து வீட்டுத் தங்கமுத்து அக்கா, "கரைச்சல் இல்லாத பிள்ளை" என்றார். ஓம் என்றேன்.

27.01.1993
பெரியாஸ்பத்திரிக்குப் போனோம். டவுன் சின்ட்ரோம் என்று பிறந்த கிழமையே டொக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பத்மாசினி மிஸ்ஸிடம் இன்றைக்குத்தான் அனுப்பினார்கள். பிள்ளையின் தசை இளக்கமாம். அதனால்தான் கால்கள் தவளைபோல அகன்று கிடக்கின்றன. பழைய சாரத்துணியைச் சுருட்டி நெஞ்சுக்குக் கீழே வைத்துக் குப்புறக் கிடத்த வேண்டும், தொடை இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். நாளுக்கு நாலு தரம்.

"நடப்பாளோ மிஸ்?" இவர் கேட்டார்.

"நடப்பாள். பிந்தித்தான் நடப்பாள். ஆனா சும்மா கிடத்தி வைச்சிருக்கக்கூடாது."

திரும்பி வரும்போது இவர் சைக்கிளை உருட்டிக்கொண்டே அழுதார். எனக்கு ஒன்றும் வரவில்லை.

09.02.1993
மீன்பிடிக்கக் கடலுக்குப் போகத் தடை. இவர் வீட்டில்தான். பயிற்சி முழுக்க இவர்தான் செய்கிறார். பால்மா ரின்னுக்குள் புளியங்கொட்டை போட்டுக் கிலுக்கினால் தலையைத் தூக்கிப் பார்க்கிறாளாம். "மக்டலீன், இஞ்சை பார்" என்று கூப்பிட்டார். நான் தைத்துக்கொண்டிருந்தேன்.

15.03.1993
இவர் மட்டுவில் பக்கம் விறகு வெட்டும் வேலைக்குப் போய்விட்டார். இனி ஞாயிறுகளில் மட்டும் வருவார். பயிற்சி இனி என் வேலை.

16.03.1993
இரண்டு தரம்.

17.03.1993
செய்யவில்லை.

02.04.1993
காலை பத்து மணிக்குக் குண்டு போடுகிற பொம்பர் வந்தது. ஓடிப்போய் பங்கர் குழிக்குள் இறங்கினேன். பின்னால் மச்சாள் லூர்த்தம்மா வந்தார், தோளில் ஸ்ரெல்லா.

"எடியே, பிள்ளையை விட்டிட்டெல்லோ வந்தனி."

என் கையில் கத்தரிக்கோல் இருந்தது. கத்தரிக்கோலைக் கொண்டு வந்தனான். பிள்ளையை விட்டிட்டு வந்திட்டன் — என்ன மனுசி நான்? அப்பவும் அழுகை வரேல்லை. குண்டு தள்ளி எங்கேயோ விழுந்தது.

04.04.1993, ஞாயிறு
மச்சாள் கோபப்படவில்லை. "மடத்துச் சிஸ்டர்மாரின்ரை இல்லத்திலை பிள்ளையைக் குடு. அவை வடிவாப் பாப்பினம். உனக்கு ஏலாதடி" என்றார். ஓம் என்றேன். மத்தியானம் இவர் வந்ததும் சொன்னேன்.

"உனக்கு விருப்பமோ?"

தெரியாது என்றேன். உண்மைதான். இவர் எழுந்து கிணற்றடிக்குப் போனார். சாப்பிடவில்லை.

20.04.1993
ஓகஸ்ட் முடிவில் எடுக்கிறோம் என்று இல்லத்தில் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் பிள்ளை நிமிர்ந்து உட்கார்ந்திருக்கப் பழகினால் நல்லதாம். பழக்கிக் கொடுப்போம்.

11.05.1993
காற்சட்டையின் இரண்டு காலையும் உட்பக்கத்தில் சேர்த்துத் தைத்துப் போடச் சொன்னார் மிஸ். அப்போது கால் அகலாது. "கையிலை பிடிச்சு இழுத்து நிப்பாட்டாதேங்கோ. அவளா உன்னி எழும்பட்டும்." மூன்று தைத்தேன். நாளுக்கு நாலு தரம் செய்கிறேன். கடமைக்குத்தான்.

19.07.1993
பிடிக்காமல் தனியே நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். நூறு எண்ணும் வரை. பிறகு சரிந்தாள்.

23.08.1993
தண்ணீர் அள்ளிக்கொண்டு வந்து பார்த்தால் பாயில் பிள்ளை இல்லை. மச்சாளின் வீட்டுக்கு ஓடினேன். அங்கேயும் இல்லை. இல்லத்தாலை வந்து தூக்கிக்கொண்டு போயிட்டினமோ? என்னைக் கேளாமலோ? என்ரை பிள்ளையை எப்படிக் கொண்டுபோவினம்?

திரும்ப ஓடி வந்தேன். தையல் மெஷினுக்குக் கீழே கிடந்தாள். வயிற்றால் இழுபட்டே போயிருக்கிறாள். வாயில் நூல்கட்டை.

"எடி நாயே, உதுக்குள்ளை ஊசி கிடக்கெல்லோ!" என்று கத்தினேன். இவளை நான் ஏசினது இதுதான் முதல் தரம். உதட்டைப் பிதுக்கி அழுதாள். தூக்கி வைத்துக்கொண்டு நானும் அழுதேன். கன நேரம்.

31.08.1993
இல்லத்திலிருந்து சிஸ்டர் வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன். உடுப்புகள் கட்டி வைத்தாயிற்றா என்று கேட்டார். இல்லை சிஸ்டர் என்றேன். மடியிலிருந்த ஸ்ரெல்லாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு அதைப் பற்றிக் கேட்கவில்லை.

12.09.1993, ஞாயிறு
இவர் வந்ததும் முதல் வேலையாக வாசலுக்குக் குறுக்கே பலகை அடிக்கச் சொன்னேன். ஒரு முழ உயரம் போதும். மூன்று தரம் றோட்டுவரை போய்விட்டாள்.