பேட்டரிக் கடைக்குப் பின்னால்

அன்புள்ள தம்பிக்கு,

லாயாங் லாயாங் ஊரில் நம் வீட்டின் பின்பக்கத்தில் செவ்வந்தி பூத்திருக்கிறது. சிரிக்காதே, நிஜம்தான். அப்பா தன் கடைக்கு வந்த பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் எடுத்த அதே இடத்தில்.

அம்மா அங்கே வெண்டை போட்டு, ஒவ்வொரு முறையும் அது மஞ்சளாகிச் செத்தது நினைவிருக்கிறதா? "பக்கத்து வீட்டு ஆசோவோட கோழிங்கதான் லா கெளறிக் கெடுக்குது!" என்று அம்மா கத்த, நீ வேலியோரம் நின்று கல் எறிவாய். அப்பா ரேடியோ சத்தத்தைக் கூட்டிவிட்டு, ஈயக் கறுப்பு போகாத கையால் பிஸ்கட்டைக் காப்பியில் நனைத்து நமக்கு ஊட்டுவார். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

விவசாய இலாகாவிலிருந்து வந்து மண்ணைச் சோதித்த பெண், கோழிகள் மேல் தப்பே இல்லை, மண் முழுக்க ஈயம் என்றாள். சுண்ணாம்பு, உமிக்கரி, மட்கிய கோழி எரு மூன்றையும் கலந்தால் ஈயம் வேருக்குள் அவ்வளவாக ஏறாதாம். செடி பிழைக்கும், ஆனால் விளைவதைச் சாப்பிடக் கூடாதாம். அதனால்தான் வெண்டைக்குப் பதில் பூச்செடி போட்டேன்.

எருவுக்கு நான் யாரிடம் போயிருப்பேன்? நம் சீனப் பக்கத்து வீட்டு ஆசோ கிழவியிடம்தான். சாக்கு நிறையக் கொடுத்துவிட்டு, உன் தம்பி இன்னும் கல் எறிகிறானா என்று மலாயில் கேட்டாள். சிங்கப்பூரில் வேலை அதிகம் என்றேன். வேறென்ன சொல்வது? அப்பாவை அடக்கம் செய்த பிறகு நீ வரவே இல்லை.

கல்லறைத் திருநாளுக்குக் குளுவாங் டவுனில் பூ வாங்கப் போவதில்லை. இந்தச் செவ்வந்திகளைத்தான் அப்பாவுக்கு வைக்கப் போகிறேன். அப்பா மேல் இன்னும் கோபம் இருந்தால் அதோடேயே வா. பூப் பறிக்கக் கையுறை இரண்டு ஜோடி வாங்கி வைத்திருக்கிறேன்.

உன் வழியைப் பார்த்திருக்கும்
அக்கா