தெரிந்தும் சொல்லாமல் விட்டது

உறுவையாறு,
ஞாயிறு, பூசை முடிந்து வந்து எழுதுவது

அன்பு மகள் சுகந்திக்கு,

மாதா புண்ணியத்தில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் குட்டிப்பயலும் அந்த டப்ளின் குளிரில் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும் என்றுதான் தினமும் என் செபம். அப்பாவுக்கு முட்டிவலி பரவாயில்லை, நான் கத்தினால்தான் மாத்திரை போடுகிறார். நடவு முடிந்துவிட்டது. என் குரல் ஏன் ஒருமாதிரி இருக்கிறது என்று போனில் கேட்டாயே, அப்போது சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தெருக்கோடி சரண்யாவை உனக்குத் தெரியும், கரும்பு வெட்டப் போகிற அரிகரன் மனைவி. அவள் பெண்குழந்தைக்கு எல்லாத் தடுப்பூசியும் நான்தான் போட்டேன். குழந்தைக்கு ஏழு மாதம் இருக்கும்போது, இரண்டு மாதத்துக்கு முன்னால், ஒரு கல்யாணத்துக்குத் தணிகைவேலின் வாடகைக் காரில் போனார்கள், இவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன்சீட்டில். கரிக்கலாம்பாக்கம் தாண்டியதும் குறுக்கே ஒரு பைக் வந்து தணிகைவேல் பிரேக் போட, குழந்தை அவள் கையை விட்டுப் போய் முன்னால் மோதிவிட்டது. நெற்றியில் அடி, தொடை எலும்பு முறிவு, ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டது, ஆண்டவருக்குத் தோத்திரம்.

வீட்டுக்கு வந்த பிறகு பார்க்கப் போனேன். பெரிய வீட்டு மருமகள் செல்வகுமாரியும் வந்திருந்தாள். எங்க டாக்டர் முதல் மாசமே கைக்குழந்தைய உக்கார வெக்கிற கார் சீட் வாங்கச் சொன்னாரு, பின்பக்கம் பாத்த மாதிரி மாட்டி பெல்ட் போடணும்னாரு, நர்ஸம்மாகூட ஞாபகப்படுத்தினாங்களே என்று அவள் வெள்ளந்தியாகச் சொல்லிவிட்டாள். சரண்யா என் பக்கம் திரும்பினாள். எங்ககிட்ட ஏன் நர்ஸம்மா சொல்லல, உனுக்குத் தெரியாதா என்றாள். தெரியும் என்றேன். உனக்குப் பிள்ளை பிறந்தபோது, சீட் இருக்கிறதா என்று கேட்டுத்தான் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள் என்று நீ சொல்லியிருக்கிறாய். கார் வைத்திருப்பவர்களிடம் சொன்னேன், செருப்பில்லாமல் வந்தவளிடம் சொல்லவில்லை. இவ்வளவுதான் நடந்தது சுகந்தி. யாரும் என்னைத் திட்டவில்லை, அதுதான் இன்னும் சுடுகிறது.

நான் அதோடு விடவில்லை. விசாரித்தால் ஆளுக்கொரு பேச்சு. டவுன் டாக்டர் காரில் வருபவர்களுக்கு மட்டும் சொல்கிறார், பிரசவ வார்டில் துண்டில் சுற்றி இறுக்கிப் பிடிச்சிக்கோ என்று அனுப்புகிறார்கள், எங்கள் சுகாதார நிலையத்துப் பெரிய டாக்டரோ பின்சீட்டில் மடியில் வைத்தால் போதும் என்கிறார். மாதக் கூட்டத்தில் எழுந்து நின்று, எல்லாருக்கும் ஒரே பேச்சாகச் சொல்ல வேண்டும் சார் என்றேன். கார் இல்லாதவங்களுக்கு எதுக்கும்மா இது, வீணா பயந்துடுவாங்க என்றார் பெரிய டாக்டர். கார் இல்லாதவங்கதான் சார் ஒரே கார்ல ஏழு பேர் ஏறிப் போறாங்க என்றேன். நான் உட்காரவில்லை. அடுத்த கூட்டத்திலும் கேட்டேன். அதற்கப்புறம்தான் என்ன சொல்லணும்னு எழுதிக் கொண்டு வாங்க, பார்த்துக் கையெழுத்துப் போடுகிறேன் என்றார், போட்டும் கொடுத்தார். இப்போது அது தடுப்பூசி அறையில் ஒட்டியிருக்கிறது. செல்வகுமாரி தன் பிள்ளைக்குச் சின்னதாகிப்போன சீட்டைக் கொடுத்தாள், விபத்தில் அடிபடாத சீட்தான், கேட்டுத்தான் வாங்கினேன். தணிகைவேல் அதைத் தன் காரிலேயே வைத்துக்கொண்டான். பிரேக் போட்ட அந்த நாளிலிருந்து அவனுக்கும் தூக்கம் இல்லை பாவம், கைக்குழந்தை வந்தா சீட்ல போட்டாத்தான் வண்டி எடுப்பேன் என்கிறான். ஒரு சீட் போதாது, தெரியும். கார் வைத்திருப்பவர்களிடம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

போன புதன்கிழமை ஊசி போட வந்த பதினோரு பேருக்கும் சொன்னேன். சின்னபொண்ணு மட்டும் சிரித்தாள், எங்க வூட்ல சைக்கிள்தான் கீது நர்ஸம்மா, எங்களுக்கு இது இன்னாத்துக்கு என்று. நான் வாயைத் திறப்பதற்குள் கடைசி பெஞ்சிலிருந்து சரண்யா, அன்று கேட்டதிலிருந்து என் முகத்தைப் பார்க்காதவள், கட்டுப் பிரித்த குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தாள். சிரிக்காதடி, அந்தம்மா சொல்றத நல்லா கேட்டுக்கோ என்றாள்.

உங்கள் மூன்று பேரையும் தேவதாய் தன் கைக்குள் வைத்துக் காக்கட்டும். வேலைக்கு ஓடுகிற அவசரத்திலும் குட்டிப்பயலின் பெல்ட்டை ஒருதரம் இழுத்துப் பார், மறக்காதே.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா மதலேனாள்