டீக்கடையிலிருந்து சொன்ன செய்தி

அண்ணா,

காலையில் மைக்கின் பஞ்சுறையைக் கழுவி வெயிலில் போட்டேன். அந்த ஈர வாடை மூக்கில் ஏறியதும், திண்டிவனம் வெள்ளத்தில் நீங்கள் கேமராவைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தது ஞாபகம் வந்துவிட்டது. நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகிறது.

விழுப்புரம் மாவட்டத்துக்கு நான் செய்தியாளர், நீங்கள் ஒளிப்பதிவாளர். ஒன்பது வருடம் ஒரே பைக்கில் சுற்றினோம். கண்டாச்சிபுரத்தில் மறியல் என்றால் நான் கேள்விகளை யோசித்துக்கொண்டு வருவேன். நீங்கள் எந்தக் கடையில் போண்டா சூடாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டு ஓட்டுவீர்கள்.

வெள்ளத்தன்று நம் தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். செய்தியாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதிகாரிகள் ஒரு வரி போட்டிருந்தார்கள். ஏரிக்கரைத் தெரு மக்கள் அனைவரும் முகாமுக்குப் போய்விட்டார்களாம். சென்னையிலிருந்து நேரலைக்கு அழைத்தார்கள். பஸ் நிலையத்து டீக்கடையில் ஒதுங்கி நின்றுகொண்டு, "சம்பவ இடத்தில் இருக்கிறேன்" என்று ஆரம்பித்து, அத்தனை பேரும் பத்திரம் என்று போனில் சொல்லி முடித்தேன். முதலில் சொன்னது நாம்தான் என்று எடிட்டர் பாராட்டினார்.

கால்மணி நேரத்தில் நீங்கள் நனைந்து வந்தீர்கள். திட்டவில்லை. கேமராவின் சின்னத் திரையை என் முகத்துக்கு நேராக நீட்டினீர்கள். மொட்டை மாடிகளில் குழந்தைகளோடு ஜனங்கள் கையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

"நீ டீக்கடைல நின்னுகினு சேஃப்னு சொல்லிட்டம்மா. இனி படகு எவன் அனுப்புவான்?" என்றீர்கள்.

கூசிப்போனேன். திருத்தம் சொல்கிறேன் என்று எடிட்டரிடம் கேட்டேன். சேனல் மானம் போய்விடும், மெதுவாக மாற்றிக்கொள்ளலாம் என்றார். அடுத்த நேரலைக்கு உங்கள் பின்னாலேயே இடுப்பளவு தண்ணீரில் போய் நின்றேன். சற்று முன் நான் சொன்னது பொய், இங்கே வராமலே சொன்னேன் என்றேன். நிறுத்து என்று சென்னையிலிருந்து இயர்போனில் கத்தினார்கள். நீங்கள் கேமராவை மாடிகள் பக்கம் திருப்பினீர்கள். பொழுது சாய்வதற்குள் படகு வந்தது. அந்த வாரமே நம் இருவர் வேலையும் போனது.

பிறகு நீங்கள் கல்யாண வீடியோ எடுக்கப் போனீர்கள். "இங்க சாப்பாடாவது கரெக்டா வருதும்மா" என்று சிரித்தீர்கள். மாரடைப்பில் போனபோது எந்தச் சேனலும் ஒரு வரி போடவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆற வேண்டும் என்றும் நான் நினைக்கவில்லை.

இப்போது உள்ளூர் கேபிளில் இருக்கிறேன். நேற்று அதே எடிட்டர் கூப்பிட்டார். சென்னையில் பெரிய பதவி தருகிறாராம். பதிலுக்கு, சேனல் மேல் விழுந்த பழி நீங்க நான் ஒரு கடிதம் தர வேண்டும். அன்று ஒளிப்பதிவாளர் தூண்டிவிட்டதால் தவறாகப் பேசிவிட்டேன் என்று எழுத வேண்டுமாம். இறந்தவர்தானே, அவருக்கு என்ன நஷ்டம் என்றார்.

வாடகை வீடு, கல்லூரிக்குப் போகும் மகள். உங்களிடம் மறைப்பானேன், அந்தச் சம்பளத்தில் எத்தனை மாத வாடகை கட்டலாம் என்று கணக்குக்கூடப் போட்டேன். அப்புறம் கடிதம் எழுதி அனுப்பினேன். டீக்கடையில் நின்று பொய் சொன்னவள் நான், உண்மையை உலகத்துக்குக் காட்டியவர் அந்த ஒளிப்பதிவாளர், வெளியிடுவதென்றால் இரண்டு பேர் பெயரையும் சேர்த்தே போடுங்கள் என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன். இனி அந்தப் பக்கம் எனக்கு வேலை கிடையாது. போகட்டும்.

பொம்மையார்பாளையத்தில் கடல் அரிப்பால் கரையோர வீடுகளுக்கு எந்த ஆபத்தும் இல்லை என்று சற்று முன் குழுவில் ஒரு வரி வந்திருக்கிறது. பைக்கை எடுத்துவிட்டேன், அண்ணா.