டர்போ குழாயும் என் வயிற்றெரிச்சலும்

அன்பு மகள் லோகேஸ்வரிக்கு அம்மா எழுதுவது. ஜெலுத்தோங் வீட்டில் நானும் உன் அப்பாவும் கை கால் சுகத்தோடு இருக்கிறோம். என் வயிறு மட்டும் ஒரு மாதமாக எரிகிறது, மருந்துக்கு அடங்குகிற எரிச்சல் இல்லை அது. டப்ளின் குளிரில் நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் சொல்லலாம்தான், ஆனால் நான் போனை எடுத்தாலே உன் அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிடுகிறார், அதனால்தான் மிளகாய்த்தூள் பார்சலுக்குள் இந்தக் கடிதம்.

உன் அப்பா நம் பழைய காஞ்சில் காருக்கு டர்போ வைக்கப் போவதாகச் சொன்னது உனக்குத் தெரியும். எல்லாச் சாமானும் சேர்த்துவிட்டார், மேனிஃபோல்டு ஒன்றுதான் பாக்கி. அது எஞ்சினின் மூன்று ஓட்டையிலிருந்தும் சூட்டுப் புகையை வாங்கி டர்போவுக்குக் கொண்டுபோகும் மூன்று கால் குழாய், டர்போவின் கனத்தைத் தாங்குவதும் அதுவே. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாகக் கேஸ் குழாய் வெல்டிங் செய்கிற பெண்டாட்டி வீட்டில் இருக்க, இந்த மனுஷன் புக்கிட் தெங்காவில் எக்ஸாஸ்ட் கடை வைத்திருக்கும் ஃபரா என்ற பெண்ணிடம் போய் விசாரித்திருக்கிறார். வந்ததும் வராததுமாக, "அந்தப் புள்ள வெல்டிங்க பாக்கணும் மணி, மீன் செதில் கணக்கா வரிசையா இருக்கு" என்றார். என் வெல்டிங்கை அவர் இதுவரை ஒரு நெத்திலிக்குக்கூட ஒப்பிட்டதில்லை.

மறுநாளே நானும் கூடப் போனேன், குறை கண்டுபிடிக்கத்தான், வேறு எதற்கு. உன் வயதுதான் இருக்கும் அவளுக்கு. உன் அப்பாவை அண்ணே என்றாள், என்னை ஆன்ட்டி என்றாள், இவள் எனக்கு ஆகாது என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன். அவள் செய்து வைத்திருந்த குழாய்க்குள் விரலை விட்டுத் தடவிப் பார்த்தேன், ஒரு பிசிறு இல்லை, எனக்கு அழுகையே வந்துவிட்டது. டர்போவுக்குப் போகும் சூட்டுப் பக்கத்துக்குக் கொதிகலனுக்குப் போடுகிற தடித்த கறுப்பு ஸ்டீம் பைப்புதான் சரி, எஞ்சினுக்குள் காற்றை ஊதும் பக்கத்துக்கு அலுமினியம் போதும் என்று அவள் சொன்னாள். நான் விடுவேனா, எங்கள் தொழிற்சாலையில் போடுவது போல மெல்லிய ஸ்டெயின்லெஸ் குழாய்தான் வேண்டும், பளபளவென்று இருக்கும், துருவும் பிடிக்காது என்றேன். "ஆன்ட்டி, இது கேஸ் லைன் இல்லலா. சூட்டுல செவந்து போவும், மேல டர்போ வேற தொங்கும், மெல்லிசு தாங்காது" என்றாள். உன் அப்பா எங்கள் இருவர் முகத்தையும் பார்த்துவிட்டு, "வீட்டுல சொல்றபடியே போட்டுடுவோம்மா" என்றார்.

அந்த மெல்லிய குழாயில் நானே ஆசை ஆசையாகச் செய்தேன் லோகேஸ். தாலிக்கொடி மாதிரி மின்னியது. பதினோரு நாள் ஓடியது, பன்னிரண்டாம் நாள் தெலுக் பாஹாங் மேட்டில் உடைந்து, கார் லாரி மாதிரி கத்திக்கொண்டு வீடு வந்து சேர்ந்தது. திட்டியிருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். உன் அப்பாவோ, "நான் டர்போவுக்கு முட்டுக் குடுக்காம விட்டுட்டேன் மணி, உன் கைவேலைல குத்தமில்ல" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார், எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

உடைந்ததைப் பசார் பையில் கீரைக்கு அடியில் ஒளித்துக்கொண்டு தனியாக ஃபரா கடைக்குப் போனேன். அவள் சிரித்திருந்தாலாவது வெறுக்கச் சௌகரியமாக இருந்திருக்கும். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "வெல்டு ஒண்ணுகூட விட்டுப்போகல ஆன்ட்டி, பக்கத்துல பைப்புதான் கிழிஞ்சிருக்கு. எனக்கு இவ்ளோ மெல்லிசுல போட வராது" என்றாள். அந்த நல்ல குணத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அவள் சொன்ன தடித்த பைப்பையே வாங்கி அங்கேயே உட்கார்ந்து புதிதாகச் செய்தோம். தடித்த பைப்பு எனக்குப் பழக்கமில்லாததால் நடுக்காலை அவள் போட்டுக் காட்டினாள், ஓரக்கால் இரண்டும் நான் போட்டேன். உன் அப்பாவிடம் எல்லாம் நானே செய்தேன் என்று சொல்லிவிட்டேன், அவள் பேச்சையே எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அதைப் பூட்டுவதற்கு முன்னால் உன் அப்பா துணியால் துடைத்துத் துடைத்துப் பார்த்தார். பிறகு நடுக்காலைத் தடவி, "இதுலதான் மணி உன் கை தெரியுது, மத்த ரெண்டும் ஏதோ அவசரத்துல போட்ட மாதிரி இருக்கு" என்றார். முப்பது வருஷத்தில் முதல் தடவையாக என் வேலையைப் புகழ்ந்திருக்கிறார், நான் என்ன சொல்ல, ஆமாம் என்றேன்.

கார் இப்போது நன்றாக ஓடுகிறது, மேட்டில்கூடத் திணறவில்லை. நீ நோய் நொடியில்லாமல், நினைத்ததெல்லாம் கைகூடி நிறைவாக வாழ வேண்டும், பினாங்கு முருகன் உனக்குத் துணையிருப்பான். தலையை ஈரத்தோடு விடாதே. உன் அப்பா மேனிஃபோல்டு படத்தை உனக்கு அனுப்புவார், நடுக்காலைப் பற்றி வாயே திறக்காதே. ஓரக்கால் இரண்டும் அழகு என்று மட்டும் அவருக்கு எழுது, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் வரவை எதிர்பார்க்கும் அம்மா,
நவமணி சிவநேசன்