கையெழுத்துக்கு மேலே ஒரு கோடு

அக்கா,

இன்று காலை பள்ளியில் பழைய பீரோவைத் திறந்தார்கள். அந்துருண்டை வாசம் குப்பென்று அடித்தது, கூடவே நீங்களும் வந்துவிட்டீர்கள். உங்கள் ஜெராக்ஸ் கடை மேசை இழுப்பறையிலும் இதே வாசம்தான். காகிதத்தைப் பூச்சி தின்றுவிடும் என்று மூலைக்கு மூலை உருண்டை போட்டு வைத்திருப்பீர்கள்.

புதிதாக வந்திருக்கும் தலைமை ஆசிரியை நல்லவர் போலத்தான் தெரிகிறது. பழைய தீர்மான நோட்டைப் பார்க்க வேண்டும் என்றேன், மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்தார். முன்பிருந்த சாரிடம் நான்கு வருஷம் நடந்தேன். ஒரு நாள் சாவி இல்லை என்பார், ஒரு நாள் நோட்டு ஆபீசுக்குப் போயிருக்கிறது என்பார். இவர் கேட்டதும் கொடுக்கிறாரே, நடுவில் எதையாவது கிழித்துவிட்டார்களோ என்று நடுத் தையலை விரித்துப் பார்த்தேன். என் புத்தி உங்களுக்குத் தெரியாததா.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உங்களைக் கையும் களவுமாகப் பிடிக்கத்தான் அந்த நோட்டைத் தேடினேன். நீங்கள் இறந்து ஒன்றரை வருஷம் ஆன பிறகும்.

நாம் இருவரும் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்ந்த புதிதில் நீங்கள் செய்த காரியம் நினைவிருக்கிறதா? குழுவில் பெற்றோர்கள் பேசி முடித்ததும் டீயும் சமோசாவும் வரும். அடுத்து தீர்மான நோட்டு வரும். மேலே தேதி மட்டும் இருக்கும், மற்றதெல்லாம் வெற்றிடம். அடியில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகலாம், தீர்மானத்தைத் தலைமை ஆசிரியர் சார் பிறகு எழுதிக்கொள்வார். நம் பாலக்கரைப் பள்ளியில் எல்லாரும் அப்படித்தான் போட்டோம். நீங்கள் மட்டும் கைப்பையிலிருந்து ஆறு அங்குல ஸ்டீல் ஸ்கேலை எடுத்து, உங்கள் கையெழுத்துக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் குறுக்காக ஒரு கோடு இழுத்தீர்கள். சார் முகம் சுண்டிப்போனது.

"என்னம்மா, எங்க மேல நம்பிக்கை இல்லையா?" என்றார்.

"உங்க மேல இருக்கு சார். காலி இடத்து மேலதான் இல்ல" என்றீர்கள்.

கோர்ட் பக்கத்தில் இருபது வருஷம் ஜெராக்ஸ் எடுத்தவர் நீங்கள். வெற்றுத் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டை இழந்தவர்களின் காகிதங்கள் எல்லாம் உங்கள் கை வழியாகத்தான் போயின. நானோ மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்ப்பவள், மாத்திரை அட்டையைத் திருப்பித் தேதி பார்க்காமல் எதையும் நம்பாதவள். சந்தேகத்தில் நாம் இருவரும் ஒரு சாதி என்று நினைத்துத்தான் உங்களோடு ஒட்டிக்கொண்டேன்.

அப்போது என் பெரியவளும் உங்கள் சின்னவளும் ஏழாம் வகுப்பு. காலையில் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டில் சாயங்காலம் அப்படியே திரும்பி வரும். அத்தனை பெண் பிள்ளைகளுக்கும் ஒரே கழிவறை, அதற்கும் தாழ்ப்பாள் கிடையாது. போக வேண்டியிருக்கும் என்று பிள்ளைகள் தண்ணீரே குடிக்காமல் இருந்தார்கள். இரண்டு முறை நீர்க்கடுப்பு வந்து என் மகள் சுருண்டு படுத்தாள். அந்தச் சமயத்தில்தான் மாநகராட்சியில் ஒரு புதுக் கட்டடம் வருகிறது, கழிவறையோடு, நம் பள்ளிக்கு அல்லது ஸ்ரீரங்கத்துப் பள்ளிக்கு என்றார்கள்.

அந்தக் கட்டடம் நமக்குத்தான் வேண்டும் என்று குழுவில் பேசினோம். நான் குழுத் தலைவி. கடைக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தபோது நோட்டை நீட்டினார்கள். நீங்கள் ஸ்கேலை என் பக்கம் தள்ளி, "கோட்டை இழுத்துட்டுப் போம்மா" என்றீர்கள். "ஊர்ல நீங்க ஒருத்தர்தான் உஷாரா?" என்று சிரித்தது வரைக்கும் இன்று ஞாபகம் வந்துவிட்டது. அதற்கப்புறம் நடந்ததை என் மனசு வேறு மாதிரி எழுதி வைத்திருந்தது. எழுதி முடித்த பக்கத்தைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன் என்று சத்தியம்கூடச் செய்திருப்பேன்.

ஸ்ரீரங்கத்துப் பள்ளியில் இரு தரப்புப் பெற்றோரையும் உட்கார வைத்த நாளில் எப்படிக் கத்தினேன்! "இங்க வெளியூர்க்காரங்க வந்து போறாங்க, அதனால இந்த ஸ்கூலுக்கு மட்டும் பெயின்ட், ஃபேன் எல்லாம் வருது. எங்க சந்துக்குள்ள யார் வரப்போறாங்க?" என்றேன். அந்தப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா எழுந்தார். "பெயின்ட்டைப் பார்த்துட்டுப் பேசாதீங்கோ. மழை வந்தா எங்க குழந்தைகள் வராண்டாவுல நனைஞ்சுண்டுதான் படிக்கறதுகள்" என்றார். பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். அப்போது அதிகாரி ஒரு தாளை எடுத்து வாசித்தார். நம் பள்ளியில் போதிய வசதி இருப்பதால், கட்டடத்தை ஸ்ரீரங்கத்துக்கு வழங்க நமக்கு ஆட்சேபம் இல்லையாம். "உங்க குழு தீர்மானம்தானேம்மா?" என்றார்.

நீங்கள் எழுந்து போய் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தீர்கள், பிறகு என்னைப் பார்த்தீர்கள். ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தீர்கள்.

அந்த மௌனம் போதாதா எனக்கு? நோட்டிலிருந்து நகல் எடுத்தது உங்கள் கடையில். உங்கள் பேத்தி படித்தது அந்த ஸ்ரீரங்கத்துப் பள்ளியில். இரண்டையும் முடிச்சுப் போட எனக்கு எவ்வளவு நேரமாகும்? திரும்பும் பஸ் காவிரிப் பாலம் தாண்டுவதற்குள் எல்லார் காதிலும் ஓதிவிட்டேன், ஜெராக்ஸில் பக்கத்தை மாற்றியது நீங்கள்தான் என்று. முன் சீட்டில் இருந்த நீங்கள் திரும்பிப் பார்த்து, "ரெண்டு பள்ளிக்கூடத்துக்கும் நடுவுல ஒத்தைக் கட்டடத்தைக் காட்டினவங்களை ஒருத்தரும் சந்தேகப்படல. என்னைச் சந்தேகப்படறீங்க" என்றீர்கள். அதையும் நடிப்பு என்றுதான் நினைத்தேன்.

அன்றிலிருந்து நான் உங்களோடு பேசவில்லை. உங்கள் மேல் இருந்த ஆத்திரத்திலேயே மனு மனுவாக எழுதினேன். ஆபீஸ் ஆபீசாக ஏறி இறங்கி இரண்டு கழிவறை வாங்கிவிட்டுத்தான் ஓய்ந்தேன். உங்கள் மய்யித்தை எங்கள் கடை வாசல் வழியாகத்தான் தூக்கிப் போனார்கள். நான் கல்லாவுக்குப் பின்னால் மருந்து அடுக்குவது போலத் திரும்பி நின்றுகொண்டேன்.

இன்று அந்தப் பக்கத்தைப் பார்த்தேன், அக்கா. அதிகாரி வாசித்ததேதான் நோட்டிலும் இருக்கிறது, ஒரு எழுத்து மாறவில்லை. சாரின் எழுத்து மேலே பெரிது பெரிதாகத் தொடங்கி, கீழே வர வர நெருங்கி, கடைசி வரி என் கையெழுத்தின் தலையில் இடித்துக்கொண்டு நிற்கிறது. வெற்றுப் பக்கத்தில் நான் முன்பே போட்டுவிட்ட கையெழுத்துக்கு மேலே இடம் போதாமல் திணித்திருக்கிறார். யார் சொல்லி எழுதினார் என்று இனி யாரைக் கேட்பது? உங்கள் கையெழுத்து அதில் இல்லை. எதிர்ப்பக்கத்தில், வருகைப் பட்டியலுக்குக் கீழே இருக்கிறது, மேலே கோட்டோடு.

நோட்டை மூடிவிட்டு நேராக உங்கள் கடைக்குப் போனேன். உங்கள் பெரியவள்தான் இப்போது கடையில் இருக்கிறாள். நகல் எடுத்த அன்றைக்கும் தான்தான் இருந்ததாகவும், என்ன தாள் என்றே படிக்கவில்லை என்றும் சொன்னாள். அதை முக்கால்வாசி நம்புகிறேன்.

"மீட்டிங்லயே அம்மாவுக்குத் தெரியும்க்கா, அது காலிப் பக்கத்துல நீங்க போட்ட கையெழுத்துன்னு."

"அப்ப ஏன் சொல்லல?"

"நானும் கேட்டேன். 'சொன்னா அவ வெக்கப்பட்டுக்கிட்டு அந்தப் பள்ளிக்கூடத்துப் பக்கமே வர மாட்டா. என்னைத் திட்டிக்கிட்டாவது அலையட்டும், பிள்ளைங்களுக்கு ஆள் வேணும்'னாங்க."

இதையும் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், அக்கா. பழகிய கை, சும்மா இருக்குமா? என்னைச் சமாதானப்படுத்த அவளாகச் சொல்கிறாளோ என்று அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்குள் அவள் இழுப்பறையைத் திறந்து அந்த ஸ்கேலை எடுத்து என் கையில் வைத்தாள். கடை வாசலிலேயே, ஆட்டோக்காரர்கள் பார்க்க, அழுதேன்.

பிற்பகல் மூன்று மணிக்குக் குழுக் கூட்டம். என் சின்னவள் இப்போது ஆறாம் வகுப்பு, அதனால் நான் இன்னும் உறுப்பினர்தான். நோட்டைத் தீர்மானத்தோடு காட்டும்வரை யாரும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றேன். முதலில், நான்கு வருஷத்துக்கு முந்தைய அந்தப் பக்கத்தை விரித்து எல்லாருக்கும் காட்டி, "இது என் கையெழுத்து. அக்கா ஒண்ணும் பண்ணல" என்றேன். உங்களை அறியாத புது அம்மாக்கள் விழித்தார்கள். அந்தப் பஸ்ஸில் வந்திருந்த இரண்டு பேர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தீர்மானத்தை எழுதியதும் படித்தேன், கையெழுத்துப் போட்டேன், மிச்சமிருந்த இடத்தில் ஸ்கேலை வைத்தேன். கோடு கோணலாகப் போனது.

பக்கத்தில் இருந்த பெண், "ஏங்க்கா, எங்க யார் மேலயும் நம்பிக்கை இல்லையா?" என்றாள்.

"என் மேலதாம்மா இல்ல" என்று சொல்லி, ஸ்கேலை அவள் பக்கம் தள்ளினேன்.