மீன் ஐஸில் உறைந்த இன்சுலின்

12 மே 1958, திங்கள்

இந்த வெயிலுக்கு மண்பானை ஈரம் போதாதென்று, மனைவியின் இன்சுலின் புட்டியை அடுத்த வீட்டு மீன் வியாபாரி மாசிலாமணியிடம் கொடுத்திருந்தேன். குளிர்ச்சி இருந்தால் போதும் என்றேன். இன்று ஊசி போட எடுக்கப் போனால், மருந்து கல்லாக உறைந்திருந்தது.

"ஐஸ்ல உப்பு போட்டு வெச்சேன் வாத்தியாரே. வஞ்சிரமே கெடாது, இது கெட்டுடுமா?" என்று சிரித்தான்.

உறைந்த இன்சுலின் திரிந்த பால் மாதிரி. உருக்கினாலும் பழையபடி ஆகாது. ஆசையாகச் செய்தவனை என்னவென்று திட்டுவது? "ரொம்ப உபகாரம்" என்று வாங்கிவந்து சாக்கடையில் கொட்டினேன்.

மருந்துக்கடையில் இருப்பு இல்லை. மதராசிலிருந்து வியாழக்கிழமைதான் வருமாம். அதுவரை சோறு வேண்டாம் என்றதற்கு, "பட்டினி போட்டே கொன்னுடுங்க" என்றாள். சர்க்கரை ஏற ஏறத் தாகம் அடங்காது. மறுபடியும் தண்ணீர் கேட்கிறாள்.